சைடிங்குக்கு எந்த இன்ஜின்: கம்பியா, டீசலா, பேட்டரியா?

மெயின் லைனைப் பொறுத்தவரை இது தீர்ந்துபோன விவகாரம். அகலப் பாதையில் ஏறத்தாழ முழுக்கவே 25,000 வோல்ட் கம்பி போட்டாயிற்று. கூட்ஸ் வண்டி மின்சார இன்ஜினோடுதான் கொருக்குப்பேட்டைக்கோ அத்திப்பட்டுக்கோ வந்து நிற்கிறது. தலைவலி அதற்கு அப்புறம் வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரில், அதாவது ஆலைக்கோ கிடங்குக்கோ பிரியும் கிளைப் பாதையான சைடிங்கில். நிலக்கரி இறக்குமிடம், கன்டெய்னர் யார்டு, எண்ணெய்க் கிடங்கு, இரும்புக் கிடங்கு என்று எண்ணூர் பக்கம் இருக்கும் சைடிங்குகளில் ரேக்கை (வேகன்கள் கோத்த முழு வரிசையை) உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் எதைக் கொண்டு? இந்தக் கட்டுரை அந்த ஒரு முடிவுக்காக மட்டும்.

கணக்குப் போட ஒரு மாதிரி சைடிங்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு கிலோமீட்டர் நீளம், 400-க்கு 1 ஏற்றம், நாளுக்கு இரண்டு ரேக். ஒவ்வொன்றிலும் 58 பாக்ஸ்என் வகை வேகன். நிலக்கரி நிரம்பிய நிலையில் மொத்தம் 5,300 டன் அளவு. உங்கள் எண்கள் வேறாக இருந்தால் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் வழி மாறாது.

அதற்கும் முன்னால் ஒன்று. இன்ஜினே வாங்கத்தான் வேண்டுமா? ரயில்வேயிடம் ‘இன்ஜின் ஆன் லோடு’ என்றொரு முறை இருக்கிறது. ரேக்கோடு வந்த இன்ஜினே காத்து நிற்கும். குறித்த நேரத்துக்குள் ஏற்றியோ இறக்கியோ முடித்தால் அதே இன்ஜின் ரேக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். கார் ஏற்றும் இடம், நாளுக்கு ஒரு ரேக்கைத் தாண்டாத கன்டெய்னர் யார்டு போன்றவற்றுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் முழு ரேக்கும் உடைக்காமல் நிற்கும் அளவுக்கு நேர் லைன் வேண்டும், இறக்கும் வேகமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாதவர்கள்தான் மேலே படிக்க வேண்டியவர்கள்.

குதிரைத்திறன் அல்ல, எடை

ஷன்டிங் இன்ஜின் (யார்டுக்குள் வேகன்களைத் தள்ளி இழுக்கும் இன்ஜின்) விளம்பரங்களில் குதிரைத்திறனைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். சைடிங்கில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். 20 டன் இழுவையை அந்த வேகத்தில் கொடுக்க 730 குதிரைத்திறன் போதும். கைவிடுவது பெரும்பாலும் தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிமானம்தான்.

நின்ற ரேக்கை அசைக்க டன்னுக்கு 4 கிலோ இழுவை என்று வையுங்கள். 5,300 டன்னுக்கு 21 டன். 400-க்கு 1 ஏற்றம் டன்னுக்கு இன்னும் 2.5 கிலோ கேட்கும். அது 13 டன். ஆக 34 டன். நாடு முழுவதும் ஷன்டிங்குக்குப் பழகிப்போன டபிள்யூடிஎஸ்-6 டீசல் இன்ஜினின் எடை 126 டன். உலர்ந்த தண்டவாளத்தில், டிசி மோட்டாரோடு, அந்த எடையில் கால் பங்கை இழுவையாக எடுக்கலாம். அதாவது 31 டன். ஏற்றத்தில் நின்றுவிட்டால் முழு ரேக் கிளம்பாது, இரண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். மார்கழிப் பனிக்காலையில், நிலக்கரித் தூளும் உப்பு ஈரமும் சேர்ந்து தண்டவாளத்தில் பசை மாதிரிப் படிந்திருக்கும்போது பிடிமானம் 15 சதவீதத்துக்கு இறங்கும். இழுவை 19 டன். சமதளத்தில்கூட முழு ரேக் நகராது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

அதற்குத்தான் சக்கரத்தின் முன் மணல் தூவும் மணல் பெட்டி. சென்னையில் அந்த மணலே பிரச்சினை: ஈரக் காற்றை உறிஞ்சிக் கட்டி தட்டி, குழாய் வாயில் அடைத்துக்கொள்ளும். சல்லடையில் சலித்து, வறுத்து, சூடு ஆறும் முன்னே மூடி வைக்க ஓர் ஆள் இல்லாத யார்டில் மணல் பெட்டி வெறும் அலங்காரம்தான்.

அச்சுக்கு அச்சு தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் மூன்று ஃபேஸ் ஏசி மோட்டார் இருந்தால் அதே 126 டன்னில் 38 டன் வரை எடுக்க முடியும். ஆக, எந்த எரிபொருள் என்று கேட்கும் முன் எந்த மோட்டார், எத்தனை டன் என்று கேளுங்கள்.

கம்பி

மின்சக்தியைக் கம்பியிலிருந்து நேரடியாக எடுப்பதை வெல்லும் வழி எதுவும் இன்னும் வரவில்லை. பாண்டோவில் (இன்ஜின் கூரையில் கம்பியைத் தொடும் கையில்) வாங்கும் 100 யூனிட்டில் 85 சக்கரத்துக்குப் போகிறது. எரிபொருள் டேங்க் இல்லை, நிற்கும்போது எரிவதும் இல்லை. சென்னைக்கு இது பழைய கதையும்கூட. பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது போட்டது 1,500 வோல்ட் டிசி, 1960-களில்தான் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறினார்கள். ஏன் என்பதற்கு ஒரு வகுத்தல் போதும்: 6,000 குதிரைத்திறனுக்கு 1,500 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 ஆம்பியர் பாய வேண்டும், 25,000 வோல்ட்டில் 180 போதும். கம்பி மெலிகிறது, சப்ஸ்டேஷன்களுக்கு இடையே தூரம் கூடுகிறது. பெங்களூரு, கொச்சி மெட்ரோக்களில் இருப்பது போன்ற 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்தை, ஆட்கள் குறுக்கே நடக்கும் யார்டில் நினைத்தே பார்க்கக் கூடாது.

அவ்வளவு நல்லதென்றால் சைடிங் முழுக்கக் கம்பி போட்டுவிட வேண்டியதுதானே? இறக்கும் இடத்தில் கிரேனின் கை மேலே போக வேண்டும், பொக்லைன் வாளி தூக்க வேண்டும், டிப்ளர் வேகனையே தலைகீழாகப் புரட்ட வேண்டும். 5.5 மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட் இருந்தால் இதில் எதுவும் நடக்காது. ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) திறந்து, கம்பியை எர்த் செய்து, பெர்மிட் எழுதி வாங்கி வேலை செய்யலாம். ஷிஃப்டுக்கு நாலு முறை அதைச் செய்யச் சொன்னால் ஒருநாள் யாரோ ஒருவர் அவசரப்படுவார்.

நடுவழி ஒன்று உண்டு, பலரும் யோசிப்பதில்லை. கம்பியை இறக்கும் லைனின் வாசல் வரை மட்டும் போட்டு, மின்சார இன்ஜினை ரேக்குக்குப் பின்னால் மாட்டித் தள்ளுவது. 620 மீட்டர் நீள ரேக் கம்பியில்லாத பகுதிக்குள் போய்விடும், இன்ஜின் கம்பிக்கடியிலேயே நிற்கும். இதில் கவனம் வேண்டியது ஒரே இடம்: கம்பி முடியும் புள்ளி. இன்ஜின் அதைத் தாண்டி நாலு மீட்டர் உருண்டாலும் அழுத்தக் கம்பி இல்லாமல் பாண்டோ முழு உயரத்துக்கு எழும்பிவிடும். பின்னால் இழுக்கும்போது கம்பியில் மாட்டி, பாண்டோவும் போகும், கம்பியும் போகும். முடிவுப் பலகையைக் கம்பியின் நுனியில் நடாமல் ஓர் இன்ஜின் நீளம் முன்னாலேயே நடுங்கள்.

கடற்கரை ஓரமென்றால் இன்சுலேட்டரையும் பார்த்து எழுத வேண்டும். சாதாரண இடத்துக்கு 850 மில்லிமீட்டர் ஊர்வழி நீளம் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியே அளக்கும் தூரம்), மாசு மண்டலத்துக்கு 1,050. உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் மாதக்கணக்கில் படிந்த பிறகு, கொட்டும் மழையைவிட முதல் தூறல்தான் ஆபத்து. கொட்டும் மழை கழுவிவிடும். தூறலோ படிந்ததை நனைத்து மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கும், பிரேக்கர் விழும். கோடையின் முடிவில் ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது.

எண்ணெய் சைடிங்கில் கம்பிக்கு இடமே இல்லை. பெட்ரோல் இறக்கும் இடத்தில் பாண்டோ பொறி மட்டுமல்ல, தண்டவாளம் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் ஆபத்து. இன்சுலேட்டட் ஜாயின்ட் போட்டு அந்தப் பகுதியைப் பிரித்து, தண்டவாளத்தையும் குழாயையும் ஒன்றாக எர்த் செய்ய வேண்டும். அங்கே ஸ்பார்க் அரெஸ்டர் (புகைபோக்கியில் பொறியைத் தடுக்கும் கருவி) பொருத்திய டீசல் இன்ஜின், இடையே ஓரிரண்டு வெற்று வேகன், இது ஒரு வழி.

டீசல்: ஓடும்போது அல்ல, நிற்கும்போது

டீசல் இன்ஜினைப் பற்றிய பேச்செல்லாம் அது எவ்வளவு குடிக்கிறது என்றுதான் இருக்கும். எப்போது குடிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நம் மாதிரி சைடிங்கில் நிரம்பிய ரேக்கை இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோக, சக்கரத்தில் 80 யூனிட் அளவு வேண்டும். காலி ரேக் திரும்ப 20 யூனிட். வெட்டுவது, சேர்ப்பது, லைன் மாற்றுவது எல்லாம் சேர்த்து ரேக்குக்கு 150 என்று தாராளமாக வைப்போம். நாளுக்கு 300 யூனிட். டீசல் லிட்டருக்குச் சக்கரத்தில் 3 யூனிட் கிடைக்கும் என்றால் 100 லிட்டர். அவ்வளவுதான் வேலை.

மீதி நேரம்? ஒரு நாளில் 14 மணி நேரம் இன்ஜின் ‘டக டக’வென்று சும்மா நின்று ஓடிக்கொண்டிருக்கும். டபிள்யூடிஎஸ்-6 போன்ற 1,350 குதிரைத்திறன் இன்ஜின் ஐடிலில் மணிக்கு 12 லிட்டர் எடுப்பதாகக் கொண்டால் 168 லிட்டர். வேலை செய்து எரித்ததைவிடச் சும்மா நின்று எரித்தது அதிகம். லிட்டர் 92 ரூபாய் என்றால் மொத்தம் நாளுக்கு 24,600 ரூபாய், அதில் 15,000-க்கு மேல் வெறும் புகை.

ஏன் அணைக்க மாட்டார்கள்? ‘ஆஃப் பண்ணாதீங்க சார், அப்புறம் செல்ஃப் எடுக்காது’ என்பது எந்த யார்டிலும் கேட்கிற பதில். அது சோம்பேறித்தனம் அல்ல. டபிள்யூடிஎஸ்-6 போன்ற இந்தப் பழைய ஆல்கோ வகை டீசல் இன்ஜின்களில் மெயின் ஜெனரேட்டரையே மோட்டாராகத் திருப்பித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கு 64 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி வரிசை முழு பலத்தோடு இருக்க வேண்டும். ஒரு செல் இளைத்தால் மொத்தமும் இளைக்கும். அணைத்தால் காற்றும் இறங்கும், பிரேக் பிடிக்க மறுபடி நிரப்ப வேண்டும். ரேக் வரும் நேரத்தில் இன்ஜின் எழும்பவில்லை என்றால் டெமரேஜ் (வேகனைத் தாமதமாக விடுவதற்கான கட்டணம்) யார் கட்டுவது என்ற பயமும் உண்டு.

ஆனால் நிறுத்தாமல் ஓட்டுவதற்கும் விலை உண்டு. குறைந்த சூட்டில் டீசல் முழுசாக எரியாது. எரியாதது லூப் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், மீதி டர்போவிலும் புகைபோக்கியிலும் பிசுபிசுவென்று படியும். அடுத்த நாள் திடீரென்று முழு நாட்ச் (இன்ஜின் விசைப் படி) கொடுத்தால் அது தீப்பிடித்துப் பொறியாய்ப் பறக்கும். எண்ணெய் சைடிங்கில் இதைவிடக் கெட்ட சகுனம் இல்லை.

மருந்து புதிய இன்ஜின் அல்ல. மெயின் இன்ஜினை அணைத்துவிட்டு, பேட்டரியையும் காற்றையும் காப்பாற்ற ஒரு சின்ன துணை இன்ஜின். அது மணிக்கு 3 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும். 168 லிட்டர் 42 ஆகிவிடும், நாள் செலவு 13,000 ரூபாய். பேட்டரி இன்ஜினுக்கு விலைப்பட்டியல் கேட்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டியது இது. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் ஒப்பீட்டில் டீசல் எவ்வளவு மோசமாகத் தெரிகிறதோ அவ்வளவு அவர்களுக்கு நல்லது.

டீசல்-ஹைட்ராலிக் பற்றி ஒரு வார்த்தை. சித்தரஞ்சனில் செய்த டபிள்யூடிஎஸ்-4 அந்த ரகம்: 60 டன், 600–700 குதிரைத்திறன், மூன்று அச்சு. எடை குறைவு, இழுவையும் 15, 16 டன்தான். காலி ரேக்குக்கோ அரை ரேக்குக்கோ சரி. அதன் ஒரே பெரிய பலம் அச்சில் மோட்டார் இல்லாதது. வெள்ளத்தில் டீசல் ஓடும், மின்சாரம் ஓடாது என்று பலரும் நினைப்பது பாதிதான் உண்மை. டீசல்-எலக்ட்ரிக் இன்ஜினிலும் அதே டிராக்ஷன் மோட்டார், தண்டவாளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் தொங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜ்–வியாசர்பாடி இடையிலான 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறியபோது நின்றது எல்லா வண்டிகளும்தான். டீசலின் உண்மையான சாதகம் வெள்ளத்தில் அல்ல, 2016 வர்தா மாதிரியான காற்றில்: மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தாலும் அது ஓடும். பேட்டரியும் ஓடும், சார்ஜ் இருக்கும் வரை.

பேட்டரி

காருக்கும் லாரிக்கும் பேட்டரியின் எடை சுமை. ஷன்டிங் இன்ஜினுக்கு அது வரம். இன்ஜின் எப்படியும் 100 டன்னுக்கு மேல் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும். அதற்காகவே இரும்புக் கட்டிகளை அடியில் வைத்துக் கட்டுகிறார்கள். 500 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, பெட்டியோடு சேர்த்து 5 டன் வரும். இரும்புக் கட்டிக்குப் பதில் அதை வைத்தால் முடிந்தது.

ஏன் 500? சக்கரத்தில் 300 யூனிட் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 350 போகும். கம்ப்ரஸருக்கும் குளிரூட்டலுக்கும் 50. ஆக 400. பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் வடிக்காமல் வைத்தால்தான் ஆயுள் நிற்கும், எனவே 500. மூன்றாவது ரேக் எதிர்பாராமல் வந்துவிட்டால் இது போதாது. இரண்டு ரேக்குக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று பார்த்து வையுங்கள்.

பிளக்கில் எடுப்பது நாளுக்கு 450 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 3,600. இந்த இடத்தில்தான் பலரும் கணக்கை மூடிவிடுகிறார்கள். உயர் அழுத்த (ஹெச்.டி.) மின் இணைப்பின் பில்லில் டிமாண்ட் கட்டணம், அதாவது உச்ச மின்தேவைக்கான தொகை, தனி. கேவிஏவுக்கு மாதம் 600 ரூபாய் என்று கொண்டால், 150 கிலோவாட் வேக சார்ஜர் மாதம் 90,000 ரூபாய் கூட்டிவிடும், அதாவது நாளுக்கு 3,000. அதையே 60 கிலோவாட்டில் இரவு ஏழரை மணி நேரம் ஏற்றினால் 1,200. ஆலையின் உச்சத் தேவை பகலில்தான் என்றால் அந்த 1,200-உம் வராது. காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் பீக் நேரக் கூடுதல் கட்டணம் இருப்பதால், சார்ஜர் இரவு 10 மணிக்குத் தொடங்கும்படி டைமர் வையுங்கள். யாராவது நினைவு வைத்துப் போடுவார் என்று விடாதீர்கள்.

ஆக நாளுக்கு 4,800 ரூபாய். அணைக்காமல் ஓடும் டீசலோடு ஒப்பிட்டால் 19,800 மிச்சம். துணை இன்ஜின் வைத்த டீசலோடு ஒப்பிட்டால் 8,200 மட்டும். வருஷத்துக்கு 300 நாள் என்றால் முன்னது 59 லட்சம், பின்னது 25 லட்சத்துக்குக் கீழே. உங்கள் கையில் ஏற்கெனவே ஓடுகிற டீசல் இன்ஜின் இருந்தால் பேட்டரிக்கு அவசரம் இல்லை. புதிதாக வாங்குகிறவருக்கோ, இன்றைய நிலையில் பேட்டரிதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எண்ணெய் சைடிங்குக்குச் சூடான புகைபோக்கி இல்லாத இன்ஜின் என்பதே தனி லாபம். ஆனால் மோட்டாரும் சுவிட்ச் கியரும் அந்த மண்டலத்துக்கு ஏற்றவை என்று சான்று வாங்காமல் உள்ளே விடக் கூடாது.

கெட்டுப்போவது எங்கே? சூட்டில். மே மாதம் வெளியே 40 டிகிரி, இரும்புக் கூட்டுக்குள் 55. செல்லை 35-க்குப் பக்கத்தில் வைக்கத் தண்ணீர் குளிரூட்டலும் சில்லரும் தேவை. விசிறி மட்டும் வைத்த மாடல்கள் நிலக்கரி யார்டில் ஃபில்டர் அடைத்து, பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைப் பாதியாகக் குறைக்கும். சரியாக ஏற்றத்தில் ரேக் நிற்கும் மதியம் 2 மணிக்குத்தான் அது நடக்கும். பேட்டரிப் பெட்டியை ஃப்ரேமுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள், அடியில் வேண்டாம். காரணம் மழைக்காலத்தில் தானே தெரியும்.

கம்பியும் பேட்டரியும் சேர்ந்த இன்ஜினும் உண்டு. ஜபல்பூரில் மேற்கு மத்திய ரயில்வே 2020-இல் ‘நவ்தூத்’ என்ற பெயரில் அப்படி ஒன்றைச் செய்தது. வாசல் வரை கம்பி உள்ள யார்டுக்கு இது அழகான பொருத்தம். நிற்கும்போதே கம்பியிலிருந்து சார்ஜ் ஏறிவிடும், தனிச் சார்ஜர் வேண்டாம்.

மற்றவை

ஹைட்ரஜன்: ஹரியானாவின் ஜிந்த்–சோனிபத் பாதைக்கான ரயிலைப் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை கட்டியிருக்கிறது, தலா 1,200 கிலோவாட் பவர் காரோடு. பொறியியலாகப் பெருமைப்படலாம். சைடிங்குக்குப் பொருந்தாது. நம் 300 யூனிட் வேலைக்கு நாளுக்கு 20 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். அதை மின்னாற்பகுப்பில் எடுத்து 350 பார் அழுத்தத்துக்கு ஏற்ற 1,150 யூனிட் மின்சாரம். பேட்டரிக்கு 450. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் ஹைட்ரஜன் ரயிலை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த கொள்முதலுக்குப் பேட்டரி ரயில் பக்கம் திரும்பியதற்கும் செலவுதான் காரணம்.

எரிவாயு: எண்ணூரிலேயே எல்என்ஜி முனையம் இருப்பதால் இந்த யோசனை அவ்வப்போது எழும். ஒரே ஓர் இன்ஜினுக்காக மைனஸ் 162 டிகிரி டேங்கும் லைசென்ஸும் வைத்துக் காப்பது கட்டுப்படியாகாது. நிற்கும் இன்ஜினில் வாயு சும்மாவே ஆவியாகிக்கொண்டும் இருக்கும்.

நீராவியை ஆசைக்குத்தான் சொல்ல வேண்டும். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 2010-இல் உயிர் கொடுத்த 1855-ஆம் வருஷத்து ஈஐஆர்-21 எழும்பூரிலிருந்து ஊதிக்கொண்டு கிளம்பினால் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கலாம். கொடுத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட சக்கரத்துக்குப் போகாது.

டெண்டரில் எழுத விட்டுப்போவது

பேட்டரியோ டீசலோ, எழுத மறப்பது பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர். ரேக்கைத் தனியே விட்டு நாலு மணி நேரம் ஆனால் பிரேக் காற்று இறங்கிவிடும். 58 வேகனில் ஒவ்வொன்றிலும் 100 லிட்டர் துணைக் காற்றுத் தொட்டி. 620 மீட்டர் நீளத்துக்கு 32 மில்லிமீட்டர் குழாய், அதில் 500 லிட்டர். இவை அனைத்தும் 5 கிலோ அழுத்தத்துக்கு நிரம்ப 31,000, 32,000 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் தரும் கம்ப்ரஸருக்கு அரை மணி நேரத்துக்கு மேல், கசிவைச் சேர்க்காமலே. ஆல்கோவில் கம்ப்ரஸர் இன்ஜினோடு சேர்ந்து சுழல்வதால், ஐடிலில் மெதுவாக நிரம்பும். லோகோ பைலட் ரிவர்சரை (திசை மாற்றும் கைப்பிடியை) நியூட்ரலில் வைத்து நாட்சை ஏற்றி உறுமவிடுவது இதற்காகத்தான். பேட்டரி இன்ஜினில் அந்தத் தந்திரம் கிடையாது, பொருத்திய அளவுதான் கிடைக்கும். நிமிஷத்துக்கு 2,500 லிட்டர் என்று டெண்டரில் எழுதி, நேரில் உங்கள் ரேக்கிலேயே மாட்டி, கடைசி வேகனில் கேஜ் வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.